அவரை, பீன்ஸ் கொடியில் இலை கெட்டால்: மருந்துக் கடைக்குப் போகும்முன் செய்ய வேண்டியவை

சேலம், ஏற்காடு பக்கம் மொட்டை மாடியிலோ கொல்லையிலோ முதன்முறையாகப் பந்தல் அவரை, கொடி பீன்ஸ், தட்டைப்பயறு என்று ஏதாவது ஒன்றை ஏற்றிவிட்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொடி குச்சியைப் பிடிக்கும்வரை எல்லாம் நன்றாகப் போகும். அதன்பிறகு இலை மஞ்சளாகும், புள்ளி விழும், சுருளும். உடனே ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டு மருந்துக் கடைக்கு ஓடுவோம். எனக்கு அங்கே கிடைத்தது மூன்று பாட்டில்: பூச்சிக்கு ஒன்று, பூஞ்சைக்கு ஒன்று, டானிக் ஒன்று. எண்ணூறு ரூபாய்க்கு மேல் ஆயிற்று. என் கொடியில் பூச்சியும் இல்லை, பூஞ்சையும் இல்லை. போர் தண்ணீரின் உப்புதான் காரணம் என்று தெரிவதற்குள் அந்தப் பட்டமே, அதாவது விதைப்புப் பருவமே, முடிந்துவிட்டது.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். சேலத்துச் சமவெளியில் இலை கெடுவதற்கும் ஏற்காட்டில் இலை கெடுவதற்கும் காரணம் பெரும்பாலும் வேறு வேறு. கீழே மண்ணையும் தண்ணீரையும் சந்தேகப்படுங்கள். மேலே, 1500 மீட்டர் உயரத்தில், மூடுபனியையும் ஈரத்தையும் சந்தேகப்படுங்கள். ஏற்காட்டு உறவினர் சொன்ன மருந்து சேலம் அஸ்தம்பட்டி மாடியில் பலிக்காமல் போவதற்கு இதுதான் காரணம்.

1. இரண்டு நாள் எதையும் தெளிக்காதீர்கள்

வேப்பெண்ணெய்கூட வேண்டாம். எண்ணெய் பட்ட இலையில் புள்ளி எது, எண்ணெய்க் கறை எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இந்த இரண்டு நாளில் ஒரு நோட்டில் இவற்றை எழுதி வையுங்கள்: விதைத்த தேதி, விதை எங்கே வாங்கியது, எந்தத் தண்ணீர் (போர், காவிரி, மழை), கடைசியாக என்ன உரம், எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர். விதைப் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டிருந்தால் தேடி எடுங்கள். அதில் உள்ள லாட் எண்ணும் காலாவதி தேதியும் பின்னால் தேவைப்படலாம்.

பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நூற்றைம்பது ரூபாய்க்குள் கிடைக்கும். இந்த வேலையில் நான் செலவழித்ததிலேயே உருப்படியான பணம் அதுதான்.

2. நோயே இல்லாதவற்றை முதலில் கழித்துவிடுங்கள்

முளைக்கும்போது வரும் தடித்த விதையிலை இரண்டும் சுருங்கி உதிரும். அதற்கு மேலே வரும் முதல் ஜோடி இலை, இதய வடிவில் ஒற்றையாக இருக்கும். கொடி வளர்ந்ததும் அதுவும் மஞ்சளாகி விழும். காய்ப்பு முடியும் கட்டத்தில் அடியிலைகள் பழுக்கும். இவை எதற்கும் வைத்தியம் தேவையில்லை.

உச்சிவெயிலில் பீன்ஸ் இலை விளிம்பை வெயிலுக்குக் காட்டிச் செங்குத்தாகத் திரும்பிக்கொள்ளும். வெப்பத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள அது செய்யும் வேலை அது. பங்குனி மதியத்தில் இதைப் பார்த்துவிட்டு வாடுகிறது என்று நினைத்துக் குடம் குடமாக ஊற்றுபவர்கள் உண்டு. மாலை ஆறு மணிக்கு மறுபடி பாருங்கள். இலை விரிந்திருந்தால் குறை எதுவும் இல்லை. மாலையிலும் தொங்கினால்தான் வேரைப் பார்க்க வேண்டும். அதை ஆறாம் படியில் சொல்கிறேன்.

3. இலையைத் திருப்பிப் பாருங்கள்

காலை ஏழு மணிக்குள் பாருங்கள். மேல்பக்கத்தில் தெரிவது விளைவு மட்டும். காரணம் பெரும்பாலும் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

நுனித்தளிரில் கருப்பாகக் கூட்டம் கூட்டமாக அப்பியிருந்தால் அசுவினி என்ற சாறு உறிஞ்சும் பூச்சி. கொடியில் எறும்பு வரிசையாக ஏறுகிறது என்றால் மேலே அசுவினி இருக்கிறதா என்று பாருங்கள். அது கழிக்கும் தேன் போன்ற திரவம் கீழ் இலையில் விழுந்து, அதன்மேல் கரிப்பூஞ்சை படரும். அந்தக் கருப்பைப் பார்த்துவிட்டுப் பூஞ்சைக்கு மருந்து வாங்காதீர்கள். அசுவினி போனால் கருப்பும் நின்றுவிடும். ஆரம்பத்திலேயே கண்டால் நுனியைக் கிள்ளி எறிவதும், ஹோஸ் பைப்பில் வேகமாகத் தண்ணீர் அடிப்பதும் போதும்.

இலையைத் தட்டினால் வெள்ளையாகப் பொடிப்பொடியாகப் பறப்பது வெள்ளை ஈ. அது சாறு உறிஞ்சுவதைவிட, மஞ்சள் தேமல் நோயைக் கொண்டுவருவதுதான் பெரிய கேடு. இருபது ரூபாய், முப்பது ரூபாய்க்கு விற்கும் மஞ்சள் ஒட்டுப்பொறி ஒன்றைக் கொடி உயரத்தில் கட்டினால் எத்தனை இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

மாசியிலிருந்து வைகாசிவரை சேலத்து மாடிகளில் அதிகம் ஏமாற்றுவது செஞ்சிலந்தி. இலை மேல்பக்கம் ஊசியால் குத்தியதுபோல் வெளிறிய புள்ளிகள் நிறைந்து, தூரத்திலிருந்து பார்த்தால் சத்துக்குறை மாதிரி தெரியும். ஒரு வெள்ளைத்தாளைக் கீழே பிடித்து இலையை நாலு தட்டுத் தட்டுங்கள். விழுந்த தூசியில் சில மட்டும் மெல்ல நகரும். அவற்றை விரலால் இழுத்தால் தாளில் செம்மை கலந்த கோடு விழும். சிலந்தி பூச்சி இனம் இல்லை என்பதால் சாதாரணப் பூச்சிமருந்து அதைக் கொல்லாது. மாறாக, அதைத் தின்னும் நல்ல பூச்சிகளைக் கொன்று, அதற்கு வழிவிட்டுவிடும். தினமும் காலையில் இலையின் அடிப்பக்கம் நனையும்படி தண்ணீர் பீய்ச்சுவதே முதல் வைத்தியம். வறட்சியும் தூசியும்தான் அதற்குப் பிடித்தவை.

இலைக்குள் வெள்ளைக் கோடு வளைந்து வளைந்து போயிருந்தால் இலைச்சுரங்கப் பூச்சி. அந்த இலையைக் கிள்ளி நசுக்குங்கள். காய்ப்பைப் பெரிதாகக் குறைக்காது.

4. மஞ்சளைப் படியுங்கள்

சேலத்தில் இருப்பவர்கள் இந்தப் படியில் நிதானமாக நில்லுங்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: மஞ்சள் அடியிலையிலா, நுனியிலையிலா? நரம்பு பச்சையாக இருக்கிறதா? விளிம்பு கருகியிருக்கிறதா?

அடியிலை நரம்போடு சேர்ந்து ஒரே சீராக வெளிறினால் தழைச்சத்துக் குறை. செடி பழைய இலையிலிருந்து சத்தை உருவிப் புதிய இலைக்குக் கொடுக்கிறது. அவரைக் குடும்பத்துக்குத் தழைச்சத்தே போட வேண்டாம் என்று சொல்வார்கள். காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் வேர் முடிச்சில் வேலை செய்தால்தான் அது உண்மை. புதிய தேங்காய்நார்க் கழிவில் நட்ட பையில் அந்த நுண்ணுயிர் இருக்காது. அடுத்த முறை விதைநேர்த்தி செய்யுங்கள், அதாவது விதைக்கும்முன் அந்த நுண்ணுயிரை விதையில் பூசுங்கள். இப்போதைக்குத் தொழுவுரமோ மண்புழு உரமோ இரண்டு கைப்பிடி போடுங்கள்.

நுனி இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சை வலை மாதிரி தெரிந்தால் இரும்புச்சத்துக் குறை. எங்கள் பகுதியில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு கலந்த காரமண்ணில் அது பூட்டிக் கிடக்கிறது. அதோடு கடினமான போர் தண்ணீர் சேரும்போது வேருக்கு எட்டாமலே போய்விடுகிறது. உங்கள் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்க, ஒரு ஸ்பூன் காய்ந்த மண்ணில் சமையல் வினிகரைச் சில சொட்டு விடுங்கள். நுரைத்தால் இருக்கிறது. மண்ணில் அன்னபேதியை, அதாவது இரும்பு சல்பேட்டைக் கொட்டாதீர்கள், அதுவும் பூட்டிக்கொள்ளும். இலைவழியாகத்தான் கொடுக்க வேண்டும்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு அன்னபேதி 5 கிராம், எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலம் 1 கிராம். சாயங்காலம் தெளியுங்கள்.

தெளிக்கும்முன் சின்ன பரிசோதனை ஒன்று செய்யலாம். அதே கரைசலைப் பஞ்சில் தொட்டு ஒரு மஞ்சள் இலையின் ஒரு பாதியில் மட்டும் பூசி, நூல் கட்டி அடையாளம் வையுங்கள். ஒரு வாரத்தில் பூசிய பாதி பச்சை திரும்பினால் இரும்புதான் என்று உறுதி. முழுக்கொடிக்கும் பத்து நாள் இடைவெளியில் இரண்டு, மூன்று முறை கொடுங்கள். பச்சை திரும்பவில்லை என்றால் பணம் மிச்சம், வேறு காரணத்தைத் தேடுங்கள்.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. யூடியூபில் எந்த மஞ்சளுக்கும் எப்சம் உப்பு போடச் சொல்கிறார்கள். அது மக்னீசியம் சல்பேட். கருப்பூர், செட்டிச்சாவடிப் பக்கம் நம் காலடியில் கிடக்கும் வெள்ளைக்கல்லே மேக்னசைட், மக்னீசியத்தின் கார்பனேட். அந்தப் பக்கத்து மண்ணை அள்ளிப் பையில் நிரப்பியவர்களுக்கு மக்னீசியம் குறைவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. மக்னீசியக் குறை வந்தால் அடியிலையில் நரம்பிடை மஞ்சளாகும், நுனியில் இல்லை. ஏற்காட்டின் புளிப்பு மண்ணிலும், வெறும் நார்க்கழிவுப் பைகளிலும் அதை எதிர்பார்க்கலாம். அங்கே லிட்டருக்கு 10 கிராம் எப்சம் உப்பு தெளித்துப் பார்ப்பதில் தவறில்லை.

விளிம்பும் நுனியும் காய்ந்த பழுப்பாகக் கருகி, பைக்கு வெளியே வெள்ளை உப்பு பூத்திருந்தால் தண்ணீரின் உப்பு. காய்கறிகளில் உப்பைக் கொஞ்சமும் தாங்காதது பீன்ஸ். அதே தண்ணீரில் கத்தரியும் தக்காளியும் செழித்து நிற்பதால்தான் பலருக்குத் தண்ணீர்மேல் சந்தேகமே வருவதில்லை. ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் மாடிக்கு ஏற்றுகிறோம். போரில் இருந்த உப்பு அதில் இன்னும் செறிவாக இருக்கிறது; பாத்திரம் கழுவலாம், பீன்ஸுக்கு ஊற்றக் கூடாது. மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீரையோ பிடித்துவைத்த மழைநீரையோ பையின் அடித்துளை வழியே நன்றாக வழிந்தோடும்வரை ஊற்றி உப்பைக் கழுவுங்கள். கருகிய இலை திரும்பாது. அதற்குப்பின் வரும் இலை சுத்தமாக இருக்கிறதா என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

5. புள்ளி, துரு, மாவு, தேமல்

ஏற்காட்டுக்காரர்கள் இங்கே நில்லுங்கள். மூடுபனியில் இலை பத்து மணி நேரத்துக்குமேல் நனைந்தே இருந்தால் துரு நோய்க்கு அது போதும். இலையின் அடிப்பக்கம் செம்பழுப்புக் கொப்புளங்கள் வரும். வெள்ளைக் கைக்குட்டையால் துடைத்துப் பாருங்கள். செங்கல்பொடி போல் ஒட்டினால் துரு, ஒட்டாவிட்டால் வேறு புள்ளி. ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோய் வந்தால் அடிப்பக்கத்து நரம்பு கோடு கோடாகக் கருத்துப்போகும். காயில் நடு குழிந்த வட்டம் விழும். நரம்புகளுக்குள் அடைபட்டு மூலை மூலையாக இருக்கும் புள்ளி, கோண இலைப்புள்ளி. தண்ணீர் ஊறியதுபோல் தொடங்கி, பழுப்பாகி, சுற்றிலும் மஞ்சள் கரை கட்டினால் பாக்டீரியா கருகல்.

கடைசி மூன்றும் விதை வழியாகவும் வரும். அதனால் புள்ளி விழுந்த காயிலிருந்து விதை எடுக்கவே கூடாது, பக்கத்துத் தோட்டத்துக்காரர் அன்பாகக் கொடுத்தாலும். மருந்தைவிட முக்கியம், கொடிக்குள் காற்று புகவேண்டும். அடியிலிருந்து ஓரடிவரை இலையைக் கழித்துவிடுங்கள். காபி, சில்வர் ஓக் நிழலிலிருந்து தள்ளி, காலை வெயில் முதலில் விழும் பக்கம் குச்சி ஊன்றுங்கள். இலை ஈரமாக இருக்கும்போது கொடிக்குள் கைவிட்டுக் காய் பறிக்காதீர்கள். நம் கையே நோயைப் பரப்பும்.

சமவெளியில் மார்கழி, தையில் பகல் காய்ந்தும் இரவு குளிர்ந்தும் இருக்கும்போது சாம்பல் நோய் வரும். மேல்பக்கம் கோலமாவு தூவியதாகத் தெரியும். துடைத்தால் போகும், இரண்டு நாளில் திரும்ப வரும். தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூளான நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் போதும்.

பளிச்சென்ற மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்திருந்தால் மஞ்சள் தேமல். இலை கொப்பளித்து, கரும்பச்சையும் வெளிர்பச்சையுமாகக் கீழ்நோக்கிச் சுருண்டால் இன்னொரு தேமல். அது அசுவினியாலும் விதையாலும் வரும். இரண்டும் வைரஸ். எந்த மருந்தும் கிடையாது. பிடித்த கொடியை வேரோடு பிடுங்கிப் பையில் கட்டி அகற்றுங்கள், ஒரு கொடியோடு போகட்டும். பூத்திருக்கிறதே என்று மனம் கேட்காது, தெரியும். வைத்திருந்தால் வெள்ளை ஈயோ அசுவினியோ அடுத்த பந்தலுக்கும் கொண்டுபோகும்.

இலைகள் சட்டென்று குறுகி, நரம்பு இணைகோடாக நின்று, தண்டு முறுக்கினால் பக்கத்தில் யாராவது களைக்கொல்லி அடித்தார்களா என்று விசாரியுங்கள். சோளம், கரும்பு வயலை ஒட்டிய வீடுகளில் காற்றில் வரும் 2,4-டி இப்படிச் செய்யும்.

6. ஒரு கொடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள்

மேலே எதுவும் பொருந்தவில்லை, கொடி மட்டும் குறுகிக்கொண்டே போகிறது என்றால், மோசமான ஒன்றைத் தியாகம் செய்யுங்கள். இழுத்துப் பிடுங்காமல் மண்ணோடு எடுத்து வாளித் தண்ணீரில் அலசுங்கள்.

வேரில் உருண்டைகள் இருக்கும். பயப்பட வேண்டாம், முதலில் நகத்தால் தள்ளிப் பாருங்கள். வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, தள்ளினால் கழன்று, பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது ரைசோபியம் முடிச்சு, நமக்கு உதவுவது. உள்ளே வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் வேலை செய்யவில்லை. வேரே வீங்கி, கழற்ற முடியாமல் இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. அந்த மண்ணில் அடுத்த பட்டம் அவரை, தக்காளி, வெண்டை எதையும் வைக்காமல், செண்டுமல்லி போடுங்கள்.

வேர் பழுப்பாகி, தோல் உருவி வந்தால் அழுகல். தண்ணீர் அதிகம், வடிகால் அடைப்பு. மேலே வாடியும் மண் ஈரமாகவே இருப்பது இதன் அடையாளம்.

7. தெரியவில்லை என்றால் யாரிடம் போவது

சேலம் மாவட்டத்துக்குச் சந்தியூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. ஏற்காட்டில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்திலும் கேட்கலாம். மாடித் தோட்டம்தானே என்று தயங்க வேண்டாம். வேலை நாளில், மதியத்துக்கு முன் போங்கள். கிளம்பும்முன் போன் செய்து, பயிர் நோய் பார்ப்பவர் அன்று இருக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள். போக முடியாதவர்கள் 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணில் காலை 6 முதல் இரவு 10 வரை தமிழில் கேட்கலாம், கட்டணம் இல்லை.

கையில் கொண்டுபோக வேண்டியவை: அன்று காலை பறித்த நோயுற்ற இலைகள், முற்றியது மட்டுமல்லாமல் இப்போதுதான் தொடங்கியதும்; ஒப்பிட ஒரு நல்ல இலை; முடிந்தால் வேரோடு ஒரு முழுச் செடி; அந்த நோட்டு; விதைப் பாக்கெட். இலைகளைச் செய்தித்தாளில் மடித்து வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டால் வெயிலில் வெந்து, போய்ச் சேரும்போது புதிதாக அழுகல் வந்திருக்கும். போட்டோ நான்கு போதும்: முழுக்கொடி, இலை மேல்பக்கம், அடிப்பக்கம், அளவுக்கு ஒரு ரூபாய் நாணயம் வைத்து ஒன்று.

மண்ணும் கொடுப்பதென்றால், தரையில் அரையடி ஆழத்துக்கு ஆங்கில 'வி' வடிவில் வெட்டி, பக்கச் சுவரைச் சுரண்டி எடுங்கள். நாலைந்து இடத்து மண்ணைக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரை கிலோ துணிப்பையில் கட்டுங்கள். உரம் போட்ட உடனே எடுக்கக் கூடாது. பெயர், முகவரி, செல் நம்பர், முன்பு என்ன பயிர், அடுத்து என்ன பயிர் என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். நிலமாக இருந்தால் சர்வே எண்ணும், ஆதார் நகலும் எடுத்துச் செல்லுங்கள். போர் தண்ணீர் ஒரு லிட்டரை அதே தண்ணீரில் கழுவிய பாட்டிலில் கொண்டுபோங்கள். சேலத்துக்காரர்களுக்கு மண்ணைவிட இந்தத் தண்ணீர்ப் பரிசோதனைதான் அதிகம் சொல்லும். அரசு ஆய்வகங்களில் கட்டணம் குறைவுதான். முடிவு கைக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம், அதனால் இப்போதைய கொடியைக் காப்பாற்ற அதை நம்பியிருக்காதீர்கள்.

8. மருந்து வாங்கும்போது

பில் இல்லாமல் வாங்காதீர்கள். டப்பாவில் உள்ள முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு கடும் விஷம், அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று குறையும். வீட்டுத் தோட்டத்துக்குச் சிவப்பு வேண்டவே வேண்டாம். மோனோகுரோட்டபாஸ் என்ற பூச்சிமருந்தைக் காய்கறிகளில் அடிக்க 2005-லேயே தடை வந்துவிட்டது. யாராவது பழைய பாட்டிலை எடுத்துக் கொடுத்தாலும் மறுத்துவிடுங்கள்.

கந்தகத்தையும் வேப்பெண்ணெயையும் கலக்கக் கூடாது. ஒன்றை அடித்து இரண்டு வாரம் கழித்துத்தான் மற்றது, இல்லையென்றால் இலை வெந்துவிடும். வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் கந்தகமே வேண்டாம். சேலத்தில் மாசி பாதிக்குமேல் அது அநேகமாக எல்லா நாளும்தான். எதை அடித்தாலும் முதலில் இரண்டு இலையில் அடித்து ஒருநாள் பொறுங்கள்.

மருந்து அடித்தபின் எத்தனை நாள் காத்திருந்து காய் பறிக்க வேண்டும் என்பதை லேபிளில் தேடிப் படியுங்கள். பீன்ஸை மூன்று நாளுக்கு ஒருமுறை பறிக்கிறோம்; லேபிள் ஏழு நாள் என்று சொன்னால் இரண்டு பறிப்பு வீணாகும். அதனால் தெளிக்கும் நாள் காலையில் விரல்நீளக் காய்வரை பறித்துவிடுங்கள். இடையில் முற்றுவதைப் பறித்து மண்ணில் புதையுங்கள், சமைக்காதீர்கள், மாட்டுக்கும் போடாதீர்கள்.

சமவெளியில் பீன்ஸ் விதைப்பு அக்டோபர், நவம்பரில். மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுப்பதென்றால் ஆவணிக்குள் கொடுத்துவிடுங்கள். பந்தல் அவரைக்கு ஆடிப் பட்டம் என்பதால் சித்திரை முடிவதற்குள். ஏற்காட்டில் பிப்ரவரி, மார்ச்சில் விதைப்பவர்கள் மார்கழியிலேயே.